முகத்துணை

முதல் வெள்ளிக்கிழமை ஆறு. இரண்டாவது வெள்ளிக்கிழமை ஏழு. மூன்றாவது வெள்ளிக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. அன்றும் பத்துக்குக் கீழே வந்தால் சுகிர்தத்தின் மூக்கில் செருகியிருக்கும் உணவுக்குழாயை எடுத்துவிடுவார்கள். எடுப்பதற்கு முன் திருச்சபைப் போதகரான சேகரத்து ஐயர் வந்து ஜெபிப்பார். ஜெபத்தின் வாசகம் அச்சடித்து, கண்ணாடித்தாள் உறையிட்டு, வார்டு மேசை இழுப்பறையில் வைக்கப்பட்டிருந்தது. அதை எழுதியவர் சுகிர்தத்தின் கணவர் அருமைநாயகம்.

அவருக்கு அறுபத்து மூன்று வயது. இறையியல் கல்லூரியில் முப்பது ஆண்டு ஆதித் திருச்சபையின் வரலாறு கற்பித்தவர். கிருபாபுரம் மிஷன் ஆஸ்பத்திரிக்கு இந்த எண்களைத் தரும் இயந்திரம் வந்தபோது, ஏழு வருடங்களுக்கு முன்பு, நிர்வாகக் குழு அவரிடம் ஒரு குறிப்பு எழுதித் தரச் சொன்னது. நினைவு திரும்பாமல் மாதக்கணக்கில் கிடப்பவர்களை எதுவரை வைத்திருப்பது என்பதை அந்தந்த மருத்துவமனையின் குழுவே முடிவு செய்யலாம் என்று சட்டம் வந்திருந்த நேரம். குழுவுக்கு ஒரு அளவு வேண்டியிருந்தது. அந்த அளவுக்குப் பின்னால் நிற்க ஒரு இறையியலும் வேண்டியிருந்தது.

இயந்திரத்துக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. ஆஸ்பத்திரியில் எல்லாரும் தொப்பி என்றார்கள். இரண்டு வலைத் தொப்பிகள். ஒன்று நோயாளியின் தலையில், மற்றொன்று அவருக்கு மிக நெருங்கிய ஒருவரின் தலையில். நெருங்கியவர் கட்டில் அருகே உட்கார்ந்து, முகத்துக்கு நேரே முகம் வைத்து, பத்து நிமிடம் பேச வேண்டும். இரண்டு மூளைகளின் அலைகளும் எவ்வளவு சேர்ந்து அசைகின்றன என்று இயந்திரம் ஒப்பிட்டுப் பார்த்து ஒரே ஒரு எண்ணைத் தரும். பஸ் நிறுத்தத்தில் பேசிக்கொள்ளும் முன்பின் அறியாத இருவருக்குப் பதினைந்து, இருபது வரும். தாய்க்கும் கைக்குழந்தைக்கும் ஐம்பதைத் தாண்டும். அடுத்தடுத்த மூன்று வெள்ளிக்கிழமைகள் பத்துக்குக் கீழே இருந்தால் நோயாளி மீளமாட்டார் என்று கொள்ளலாம் என்றார்கள் மருத்துவர்கள். பக்கத்தில் உட்காருபவருக்கு முகத்துணை என்று பெயர் வைத்தவர் அருமைநாயகம்தான்.

மனிதன் கடவுளின் சாயலில் உண்டாக்கப்பட்டவன் என்றால் அந்தச் சாயல் அவனுக்குள் எங்கே இருக்கிறது? முதல் நானூறு ஆண்டுகளில் இதற்கு ஒரே பதில் இருந்ததில்லை. அறிவில் என்றார்கள் சிலர். சுதந்திரத்தில் என்றார்கள் சிலர். உடலையும் சேர்த்துத்தான் என்று வாதிட்டவர்கள் உண்டு. குழுவோ ஒரே பதிலைக் கேட்டது. அருமைநாயகம் யோசித்து ஒரு உவமையை எடுத்தார். இரண்டாம் நூற்றாண்டில் அந்தியோகியாவில் ஆயராக இருந்த ஒருவர் ஆன்மாவைத் தேய்த்து மெருகிட்ட கண்ணாடிக்கு ஒப்பிட்டிருக்கிறார். துரு ஏறிய கண்ணாடியில் முகம் தெரியாது என்பது அவர் சொன்னது. அவர் பேசியது பாவத்தைப் பற்றி. அருமைநாயகம் அதை இன்னும் கொஞ்சம் நீட்டினார். எந்த முகத்தையும் இனி காட்டவே முடியாத கண்ணாடியில் மிச்சமிருப்பது மரச்சட்டம் மட்டுமே, அதை மரியாதையோடு மண்ணுக்குக் கொடுப்பது குற்றமாகாது என்று எழுதினார். குழுவுக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

முதலில் எழுதிய குறிப்பில் மூன்று பக்கம் இருந்தது. மூன்றாவது பக்கத்தில் வேறொரு உவமை. நான்காம் நூற்றாண்டு, அலெக்சந்திரியா. பலகையில் வரைந்த ஒருவரின் படம் கறைபட்டு அழிந்துவிட்டால் பலகையைத் தூக்கி எறிவதில்லை, அந்த ஆளே மறுபடி வந்து எதிரே உட்காருகிறார், அதே பலகையில் திரும்ப வரைகிறார்கள் என்று அங்கிருந்த ஆயர் எழுதியிருந்தார். குழுவின் செயலாளர் படித்துவிட்டு, "ரெண்டு பக்கம்னா ஒரே தாள்ல முன்னாடியும் பின்னாடியும் அடிச்சிரலாம் சார். மூணுன்னா ரெண்டாவது தாள் வேணும், எவனும் திருப்பிப் பாக்கமாட்டான்" என்றார். நியாயமாகத்தான் பட்டது. பலகையை எடுத்துவிட்டார்கள்.

தாளின் பின்பக்கம் கடைசியில் விதிகள். முகத்துணை இரத்த உறவாகவோ திருமண உறவாகவோ இருக்க வேண்டும். துக்கத்தை அடக்கிக்கொள்ளக் கூடியவராக இருக்க வேண்டும். அழுதால் தலை குலுங்கும், அளவு கெடும்.

*

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு அருமைநாயகம் வார்டுக்குள் வந்தபோது முப்பிடாதி சுகிர்தத்துக்கு உடம்பு துடைத்துக்கொண்டிருந்தாள். பதினோரு வருடமாக அங்கே ஆயா வேலை பார்ப்பவள். ஐம்பது வயதிருக்கும். பக்கத்து ஊர்.

"வாங்கய்யா. இன்னைக்கு அக்கா மொகம் தெளிவா இருக்கு, பாத்தியளா?"

அவர் பார்த்தார். இரண்டு மாதத்துக்கு முன் சமையலறையில் விழுந்தபோது இருந்த முகம்தான். வாய் இடப்பக்கம் இழுத்திருந்தது. கண் பாதி திறந்திருந்தது.

"அப்படியேதான் இருக்கா."

"நீங்க அப்படித்தான் சொல்லுவிய. எங்கிட்டன்னா நல்லாப் பேசுதாவ."

"பேசுறாளா?"

"வாயாலயா பேசணும்? கட்டவெரல் இருக்குல்லா. நேத்து உங்க கோயில் கதையச் சொல்லிட்டு இருந்தேன். புது ஐயரம்மா பாட்டுக் குழுவுல சேந்து, உச்சத்துல எடுத்து, பாதியில தொண்ட கட்டி நின்னுட்டாவளாம்லா. நர்ஸம்மா சொன்னாவ. அதச் சொல்லவும் அக்கா வெரல் கெடந்து துடிக்கி. பாட்டு டீச்சருல்லா, சிரிக்காவ."

சுகிர்தம் பெண்கள் பள்ளியில் இருபத்தெட்டு வருடம் பாட்டு ஆசிரியையாக இருந்தவள். ஞாயிற்றுக்கிழமைகளில் கோவிலில் ஆர்கன் வாசித்தவள். வாசிப்பதை நான்கு வருடத்துக்கு முன் நிறுத்திவிட்டாள்.

"அது தன்னால வர்ற துடிப்பு முப்பிடாதி. டாக்டர் சொன்னாங்க."

முப்பிடாதி துணியைப் பிழிந்தாள். "வெள்ளிக்கிழம தொப்பி போட்டு உக்காரும்போது நீங்க என்னய்யா பேசுவிய?"

"பேர் சொல்லிக் கூப்பிடுவேன். சங்கீதம் வாசிப்பேன்."

"பத்து நிமிசமுமா?"

"ஆமா."

"எய்யா," என்றாள் அவள். "முப்பத்தஞ்சு வருசம் குடும்பம் நடத்திருக்கிய. வேற ஒண்ணும் பேசுனதே இல்லையோ?"

அவருக்குக் கோபம் வரவில்லை. சமீப வருடங்களில் எதுவும் வருவதில்லை. சுகிர்தம் விழுந்த அன்று ஆம்புலன்ஸுக்கு எண்ணை அழுத்தும்போது தன் விரல் நடுங்கவில்லை என்பதைக் கவனித்திருந்தார். இதே வார்டில், ஜன்னலோரக் கட்டிலில், நான்கு வருடத்துக்கு முன் அவர்கள் மகன் ஆல்வின் கிடந்தான். இருபத்து நான்கு வயது. நாற்கரச் சாலையில் பைக் விபத்து. அப்போதும் மூன்று வெள்ளிக்கிழமைகள். "நான் உக்காருதேன். எனக்குத்தான் அவன் முழிப்பான்" என்றாள் சுகிர்தம். "நீ அழுதிருவ. அளவு கெட்டுப்போகும். விதியில இருக்கு" என்றார் அருமைநாயகம். அவரே உட்கார்ந்தார். அவர் அழவில்லை. குழாயை எடுத்த பிறகு ஒன்பது நாள். அடக்கத்தன்றும் அவர் அழவில்லை. அதற்குப் பிறகு சுகிர்தம் அந்த மூன்று வெள்ளிக்கிழமைகளைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

*

பத்தரை மணிக்கு இயந்திரத்தின் வருடாந்தரச் சோதனைக்கு இஞ்சினியர் ஹமீது வந்தார். மதுரையில் இருந்து வருபவர், வழுக்கைத் தலை, வார்டில் எல்லாருக்கும் பழக்கம். சோதனைக்கு இரண்டு நல்ல தலைகள் வேண்டும். வழக்கமாக உட்காரும் நர்ஸ்களில் ஒருவர் விடுப்பில், மற்றவர் அறுவை அரங்கில்.

"சார், பத்து நிமிஷம் தலையைக் கடன் குடுங்க" என்றார் அருமைநாயகத்திடம். "யம்மா, நீங்களும் வாங்க. சும்மா ஏதாவது பேசிட்டு இருங்க, போதும்."

அருமைநாயகமும் முப்பிடாதியும் எதிரெதிரே ஸ்டூலில் உட்கார்ந்தார்கள். தொப்பிக்காகத் தலையில் தடவிய பசை குளிர்ந்தது. முப்பிடாதி தன் மகளுக்குப் பிரசவம் ஆன கதையைச் சொன்னாள். அவர் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

ஹமீது திரையைப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். "ஏழு" என்றார். "ஏழு எப்படி வரும்? ரோட்டுல போற ரெண்டு பேரைப் பிடிச்சு உக்கார வச்சாலே பதினஞ்சு வரும்."

தொப்பிகளை மாற்றிப் போட்டார். ஆறு. "சார் தலையில எண்ணெய் ஜாஸ்தி" என்றார். அருமைநாயகம் குளியலறைக்குப் போய் சோப்புப் போட்டுத் தலையைக் கழுவி, துவட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஏழு.

"நீங்க எந்திரிங்க சார், நான் உக்காந்து பாக்கிறேன்." ஹமீது தன் தலையில் ஒன்றை மாட்டிக்கொண்டு முப்பிடாதிக்கு எதிரே உட்கார்ந்தார். "என்னம்மா, என் தலையில தொப்பி நிக்குமா?"

"ஒமக்கென்னய்யா, பசையே வேண்டாம். வச்சா வழுக்கிட்டு வந்துரும்."

இருவரும் சிரித்தார்கள். முப்பத்தெட்டு.

ஹமீது சிரிப்பை நிறுத்திவிட்டு எண்ணையே பார்த்தார். பிறகு அருமைநாயகத்தைக் கூப்பிட்டு, தனக்கு எதிரே உட்காரவைத்து, அவருடைய ஊர், படிப்பு, வீட்டு நாய் என்று பத்து நிமிடம் விசாரித்தார். ஆறு.

ஹமீது இரண்டு தொப்பிகளையும் கழற்றினார்.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு சார்" என்றார் ஹமீது.

"அப்படின்னா இந்த ஆறு யாரோடது?"

"யாரோடதும் இல்ல சார். ரெண்டு பேருக்கு நடுவுல உள்ளது. ரெண்டு பேர் கயிறு பிடிச்சிருக்காங்கன்னு வைங்க. ஒருத்தர் விட்டாலும் கயிறு தொங்கிரும்."

"யார் விட்டதுன்னு இது சொல்லுமா?"

"சொல்லாது. நல்லா இருக்கறவங்க எப்பவும் பிடிச்சுத்தான் இருப்பாங்கன்னு வச்சுக்கிட்டு செஞ்சது இது." ஹமீது கீழே பார்த்துக்கொண்டே பசையைத் துடைத்தார். "சாருக்கு உடம்பு, மனசு ஏதாவது... டாக்டரைப் பாருங்க சார். நான் இஞ்சினியர்தான்."

அருமைநாயகம் தலையைத் தொட்டுப் பார்த்தார். ஈரமாக இருந்தது. அந்த நிமிடத்தில் தனக்கு ஏதாவது தோன்றியிருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. காத்திருந்தார். ஒரு கணக்கின் விடை போல ஒரே ஒரு எண்ணம் மட்டும் வந்தது.

"ஹமீது, சோதனை இன்னும் முடியலன்னு வச்சுக்கங்க. முப்பிடாதியும் சுகிர்தமும் போட்டுப் பாக்கலாமா?"

*

டாக்டர் ஐரின் தேவகிருபை வந்து கதவருகே நின்றார். நரம்பியல் பிரிவின் தலைவர். இயந்திரத்தை இந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தவர். "சார், ஆயா உங்க உறவில்லை. விதிப்படி இந்த அளவு செல்லாது" என்றார்.

"செல்ல வேண்டாம் டாக்டர். இயந்திரத்தைச் சோதிக்கிறோம், அவ்வளவுதான்."

முப்பிடாதிக்கு நடப்பது புரிந்துவிட்டது. தொப்பியை அவளே மாட்டிக்கொண்டாள். கட்டிலை ஒட்டி உட்கார்ந்து சுகிர்தத்தின் கன்னத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"யக்கா. ஏ, சுகிர்தக்கா. இங்க பாரும். என்னைய ஏமாத்திராதியும். ஊரெல்லாம் இவ பொய் சொல்லுதான்னு நெனைக்காவ. நேத்துச் சிரிச்சியளா இல்லையா? சொல்லும். சிரிச்சிட்டு இப்ப மூஞ்சியத் தூக்கி வச்சிட்டுக் கெடந்தா எப்படி? அந்த ஐயரம்மா இந்த ஞாயிற்றுக்கெழமயும் பாடப் போறாவளாம். ஒம்ம ஆர்கன் பெட்டிய வேற எவனோ வாசிக்கானாம், மாடு கத்துன மாதிரி இருக்காம்..." அழுகை அவளுக்குத் தாங்கவில்லை. அழுதுகொண்டே திட்டினாள், திட்டிக்கொண்டே முந்தானையால் சுகிர்தத்தின் வாயோரம் துடைத்தாள். அவள் தலை குலுங்கிக்கொண்டே இருந்தது.

"அழாதே முப்பிடாதி, அளவு கெடும்" என்றார் டாக்டர்.

ஹமீது நிமிர்ந்து பார்த்தார். "ஏன் மேடம் கெடும்? அசைவையெல்லாம் கழிச்சிட்டுத்தானே இப்ப கணக்குப் போடுது. அஞ்சு வருஷம் முன்னாடியே மாத்திக் குடுத்தோமே. அந்த விதியை இன்னுமா வச்சிருக்கீங்க?"

பத்து நிமிடம் முடிந்தது. முப்பத்து நான்கு.

முப்பிடாதிக்கு எண் வாசிக்கத் தெரியாது. "என்னய்யா, எவ்வளவு?" என்று கேட்டாள். அருமைநாயகம் சொன்னார். "கூடவா கொறச்சலா?"

"கூட."

"நான்தான் சொன்னம்லா" என்று மூக்கைச் சிந்திவிட்டு, தொப்பியைக் கழற்றி ஹமீதிடம் கொடுத்துவிட்டு, மற்ற கட்டில்களுக்கு வெந்நீர் கொண்டுவரப் போய்விட்டாள்.

*

டாக்டரின் அறையில் மின்விசிறி சத்தம் போட்டது. ஐரின் வெகுநேரம் மேசையில் இருந்த, கடித உறை பிரிக்கும் கத்தியைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"நூற்று நாற்பத்து மூணு பேர் சார்" என்றார். "ஏழு வருஷத்துல குழாய் எடுத்தது. எல்லாருக்கும் முகத்துணையா யார் வந்தாங்கன்னு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அம்மா வெளிய நின்னு அழுதுட்டு இருப்பாங்க. பெரியப்பா உள்ள வந்து உக்காருவார். பொண்டாட்டியை வராண்டாவுல உக்கார வச்சிட்டு துபாய்ல இருந்து வந்த அண்ணன் உக்காருவார். வீட்டுலயே அழாத ஆளைப் பாத்து அனுப்பினாங்க. நாமதான் அப்படிக் கேட்டோம்."

"நான் எழுதினேன்."

"நான் கேட்டு நீங்க எழுதினீங்க. பழைய மெஷினுக்கு அது சரி. மாத்தினதுக்கு அப்புறம் தாளை மாத்தல. அது வேதவசனம் மாதிரி அப்படியே இருந்துது, யாரும் தொடல." அவர் கத்தியைக் கீழே வைத்தார். "எல்லார் விஷயத்துலயும் தப்பு நடந்திருக்கும்னு சொல்ல முடியாது. முக்கால்வாசிப் பேருக்கு ஸ்கேன்லயே ஒண்ணும் இல்ல."

"மீதிக் கால்வாசி?"

"தெரியாது."

"ஆல்வினோட ஏட்டை எடுங்க டாக்டர்."

"வேண்டாம் சார்."

"எடுங்க."

ஐரின் கணினியில் தேடினார். திரையை அவர் பக்கம் திருப்பத் தயங்கியபோது அருமைநாயகமே எழுந்து வந்து பார்த்தார். ஏழு. ஆறு. ஏழு. முகத்துணை: தந்தை. குறிப்பு: அமைதியாக ஒத்துழைத்தார்.

"அந்தப் பத்து நிமிஷமும் நான் என்ன செஞ்சேன்னு நினைவிருக்கு" என்றார் அவர். "ஸ்கிரீனைப் பாத்துட்டு இருந்தேன். நான் எழுதினது வேலை செய்யுதான்னு பாத்துட்டு இருந்தேன். வாய் சங்கீதம் சொல்லிச்சு."

"சார், அவனுக்கு மூளையில அடி ரொம்ப மோசம். இந்த எண்ணை வச்சு எதுவும் சொல்ல முடியாது."

"ஆமா. எதுவும் சொல்ல முடியாது. ஆனா அன்னைக்கு அதை வச்சுத்தான் நாம முடிவு சொன்னோம்."

ஐரின் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். அருமைநாயகம் அவர் அழுது முடிக்கும்வரை காத்திருந்தார். வெளியே மருந்து வாங்குபவர்களின் வரிசையில் யாரோ எண்ணைக் கூப்பிட்டார்கள்.

"குடும்பங்களுக்குச் சொல்லணுமா?" என்று கேட்டார் டாக்டர். "யோசிச்சுப் பாருங்க சார். உக்காந்தவங்க ஒவ்வொருத்தரும், நான்தான் கொன்னேன்னு இனி சாகுற வரைக்கும் நெனைப்பாங்க. சொல்லாம விதியை மட்டும் மாத்திரலாம். இனிமே யாருக்கும் நடக்காது."

அருமைநாயகம் யோசித்தார். டாக்டர் சொல்வதில் இரக்கம் இருந்தது.

"எனக்குத் தெரிஞ்சிருச்சே டாக்டர்" என்றார் கடைசியில். "எனக்கு மட்டும் தெரிஞ்சிருக்கிறது எப்படி?"

*

வியாழக்கிழமை குழு கூடியது. இயந்திரத்தை நிறுத்திவைப்பதில் யாருக்கும் மறுப்பு இல்லை. சுகிர்தத்தின் மூன்றாவது அளவாக முப்பிடாதியின் முப்பத்து நான்கை ஏற்பதில்தான் சிக்கல் வந்தது. அதை ஏற்றால்தான் குழாயைத் தொடர்வதற்குக் காகிதம் இருக்கும். "அவ உறவும் இல்ல, சபையிலயும் இல்லையே சார்" என்றார் செயலாளர். "பேரே முப்பிடாதி. என்னன்னு பதிவு பண்றது?"

"சாயல் எங்கே இருக்குன்னு நானூறு வருஷம் சண்டை போட்டாங்க" என்றார் அருமைநாயகம். "அறிவுலன்னாங்க, சுதந்திரத்துலன்னாங்க, உடம்புலன்னாங்க. சபைப் பதிவேட்டுலன்னு அவங்கள்ல ஒருத்தரும் சொல்லல."

செயலாளர் எழுதிக்கொண்டார். முப்பத்து நான்கு பதிவானது. உறவு என்ற கட்டத்தில் சற்று யோசித்து, ஆயா என்று எழுதினார்.

குடும்பங்களுக்கான கடிதத்தையும் அருமைநாயகமே எழுதினார். முதலில் நான்கு பக்கம் வந்தது. அவர் எதையும் எடுக்கவில்லை. இரண்டு தாளில் அச்சடித்தார்கள். கண்ணாடியில் முகம் தெரியாவிட்டால் கண்ணாடி அழிந்துவிட்டது என்று எழுதியிருந்தேன், எதிரே யாரும் நிற்காமலும் இருந்திருக்கலாம் என்பதை எழுதத் தவறினேன் என்று அதில் இருந்தது. கடைசிப் பக்கத்தில் அந்தப் பலகை இருந்தது.

ஆட்கள் அவர் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். சிலர் வாசலில் நின்று கத்தினார்கள். ஒருவர் கடிதத்தைக் கிழித்து அவர் காலடியில் போட்டார். சாத்தான்குளம் பக்கத்தில் இருந்து ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர் வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார்.

"எங்கம்மைக்கு நான்தான் உக்காந்தேன்யா. நாங்க அஞ்சு பேரு. இவன்தான் கல்லு மாதிரி இருப்பான்னு என்னைய அனுப்பினாவ. நானும் பெருமையா வந்தேன்." சட்டைப் பையில் இருந்த கடிதத்தை எடுத்து, பிரிக்காமல், மறுபடி பையிலேயே வைத்தார். "இப்ப வீட்ல போயி என்ன சொல்லட்டும்?"

"எனக்கும் ஒருத்தன் போனான்" என்றார் அருமைநாயகம். "நான்தான் உக்காந்தேன்." கண்டக்டர் அவரையே பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அரைமணி நேரம் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். தேநீர் ஆறிப்போனது. எழுந்து போகும்போது அவர் அருமைநாயகத்தின் தோளை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனார்.

*

குழு நிறுத்திவைத்துவிட்டதால் இயந்திரம் ஒரு மூலையில் துணி மூடிக் கிடந்தது. மூன்றாவது வாரம் அருமைநாயகம் டாக்டரிடம் அனுமதி கேட்டு அதைச் சுகிர்தத்தின் கட்டிலருகே தள்ளி வந்தார். தினமும் காலை பத்து மணிக்குப் பத்து நிமிடம். ஆறு வந்தது. ஏழு வந்தது. ஒருநாள் ஐந்து வந்தது. சுகிர்தத்தின் கட்டைவிரல் இப்போது முப்பிடாதி வரும்போதெல்லாம் அசைந்தது. ஒருமுறை முப்பிடாதியின் வளையலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவர் வந்து உட்கார்ந்தால் கண் மூடிக்கொண்டது.

"சங்கீதம் வாசிக்காதிய" என்றாள் முப்பிடாதி. "அது உங்க சாமிக்கு. அக்காவுக்கு என்ன சொல்லப் போறிய?"

"என்ன சொல்லணும்னு தெரியல."

"நாலு வருசமா எதச் சொல்லலையோ அதச் சொல்லுங்க."

மறுநாள் அவர் வந்ததும் முதலில் இயந்திரத்தின் திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பிவைத்தார். டாக்டர் ஐரின் வழக்கம்போல அன்றைய படிவத்தை அட்டையில் செருகிக் கொண்டுவந்தார். நோயாளி என்ற இடத்தில் சுகிர்தத்தின் பெயர் இருந்தது. முகத்துணை என்ற இடத்தில் அவருடைய பெயர்.

"பேனா இருக்கா டாக்டர்?"

அருமைநாயகம் இரண்டு பெயர்களையும் அடித்துவிட்டு, இடம் மாற்றி எழுதினார். படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார். ஸ்டூலை கட்டிலுக்கு இன்னும் அருகே இழுத்துப்போட்டு, சுகிர்தத்தின் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, தொப்பிக்குத் தலையைக் கொடுத்தார்.

"ஆல்வினுக்கு" என்று தொடங்கினார். "ஆல்வினுக்கு நீ உக்காந்திருக்கணும்."

சுகிர்தம் கண்ணைத் திறந்தாள்.